பேச்சிமுத்து பேசக் கூடாது

தொடங்கும்போது பெயர் கேட்டது விளையாட்டு.
எட்டெழுத்துக்குத்தான் இடம்.
பேச்சிமுத்து என்று போட்டேன்.
நூற்றுப்பத்து மணி நேரம்
வாய் திறக்காமல் நடந்தான் எனக்காக.
அடிபட்டால் ஒரு முனகல்,
குதித்தால் ஒரு மூச்சு,
அவ்வளவுதான் பேச்சிமுத்துவின் பேச்சு.

இப்போது அதைத் தொடராக வரைந்து விட்டிருக்கிறார்கள்.
அவன் பெயர் ஏரனாம்.
நீலக் கண். செத்துப்போன ஒரு தம்பி.
எந்த மலை உச்சியில் ஏறினாலும்
காற்றைப் பார்த்துச் சொல்ல ஒரு வசனம்.
தமிழில் வேறு கேட்டுத் தொலைத்தேன்:
"பாலத்தைக் கடந்தே தீருவோம், நண்பா!"
புளியரையில் இதுவரை
ஒருத்தரும் ஒருத்தரை நண்பா என்றதில்லை.

எனக்கு ராத்திரி வேலை, எடைமேடையில்.
கேரளத்துக்கு ஏறுகிற லாரிகள்
எஸ் வளைவுக்குக் கீழே வால் நீட்டி நிற்கும்.
எம்-சாண்ட், வைக்கோல்,
கூண்டுக்குள் முழித்துக்கொண்டே போகும் கோழி.
சீட்டை அடித்து நீட்டிவிட்டு
அடுத்த வண்டி மேடையேறும் வரை
கையில் பேச்சிமுத்து.

கல்யானைப் பாலத்தில் அறுபத்தொரு தடவை செத்தேன்.
முதல் இருபது அவசரத்தில்.
அடுத்தது ஆத்திரத்தில்.
அதற்கப்புறம்தான் பார்த்தேன்,
தும்பிக்கையைத் தூக்கும் முன்னால்
அதன் இடது முன்கால்
கொஞ்சமே கொஞ்சம் மடங்குகிறது.
கோட்டைவாசலில் மண் சரிந்து
ஒரு சக்கரமும் உருளாத ராத்திரி அது.
மூன்று மணி பத்து நிமிடம்.
கடந்தேன்.
கத்தவில்லை;
ஜன்னலுக்கு நேரே ஸ்டியரிங்கில் தலைவைத்து
ஒரு டிரைவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

தொடரில் அதே பாலம் நாலு நிமிடம்.
வயலின் வருகிறது, தலைமுடி மெதுவாகப் பறக்கிறது,
யானை விழுகிறது.
அழகில்லை என்று சொல்ல மாட்டேன்.
சாரல்கூட நம்ம ஊர்ச் சாரல் மாதிரியே சாய்ந்து பெய்தது.
ஆனால் அந்தக் கால் மடங்கவே இல்லை.
வரைந்தவர் அந்தப் பாலத்தில்
ஒரு தடவைகூடச் செத்திருக்க மாட்டார்.

ஆரியங்காவு ஷைஜா எதிர்க்கட்சி.
விளையாட்டில் என் பின்னால் நின்று அம்பு விடுபவள்.
நேரில் பார்த்தது ரெண்டே தரம்,
அதில் ஒரு தரம் பஸ்ஸுக்குள் இருந்து கையாட்டினாள்.
"செத்ததுக்கெல்லாம் கணக்கு வச்சிருக்கியே,
நீ என்ன முனிசிபாலிட்டியா?
எனிக்குக் கதை வேணும்" என்றாள் போனில்.
"ஏழாம் பாகம் பாரு. பிறகு சண்டை போடு."

பார்த்தேன், குறை கண்டுபிடிக்கத்தான்.

ஓடக்காரி வருகிற பாகம் அது.
விளையாட்டில் அவளுக்கு ஒரே சொல்: ஏறு.
காசு, பொத்தான், அக்கரை.
இருநூறு தடவையாவது கடந்திருப்பேன்;
முகம் எப்படி என்று கேட்டால் தெரியாது.
தொடரில் அவள் துடுப்பைக் கீழே வைக்கிறாள்.
தூக்குப்போணியைத் திறந்து
அவித்த முட்டையை உரிக்கிறாள்.
ஓட்டில் ஒட்டிய வெள்ளையைப் பல்லால் சுரண்டுகிறாள்.
கரையில் யாரோ கூப்பிடுகிறார்கள்.
மென்று முடித்த பிறகுதான் துடுப்பைத் தொடுகிறாள்.
மூன்று நிமிடம், ஒரு வசனம் இல்லை.
ஏரன்கூட வாயை மூடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் ராத்திரி துறைக்குப் போனேன்.
காசு கொடுத்துவிட்டுப் பொத்தானை அமுக்காமல் நின்றேன்.
பேச்சிமுத்துவும் நின்றான், மூச்சு விட்டுக்கொண்டு.
அவள் இடமும் வலமுமாய் அசைந்தாள்,
திரும்ப அதே அசைவு,
திரும்ப அதே.
முட்டை இல்லை. போணியும் இல்லை.
அங்கே வைக்க யாருக்கும் தோன்றவில்லை.
வெளியே ஹாரன்.
மேடையில் ஒரு தார்ப்பாய் லாரி,
எவ்வளவு நேரமாய் நிற்கிறதோ.
குனிந்து வண்டிக்குள் பார்த்தேன்.
காதில் பென்சில் சொருகிய ஒரு கிளீனர் பையன்
கொட்டாவி விட்டான்.

ஷைஜாவுக்கு அனுப்பினேன்:
ஏழு மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.
மற்றது?
மற்றதில் மாற்றமில்லை.
பேச்சிமுத்து பேசியது தப்புதான்.